நாலாம் படுக்கைக்கு வந்த விருந்தாளிகள்

கிருமிகளோடு பேச வேண்டும் என்று டாக்டர் பூங்கோதைக்கு ஆசை ஒன்றும் இருந்ததில்லை. கொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. அதற்காகத்தான் படித்தாள், அதற்காகத்தான் சம்பளமும் வாங்கினாள். ஆனால் கொல்ல முடியாத ஆளோடு கடைசியில் உட்கார்ந்து பேசித்தானே ஆகவேண்டும்? ஊர்ப் பெரிய மனிதர்கள் விஷயத்திலும் நாம் அப்படித்தானே செய்கிறோம்.

பொள்ளாச்சி நாச்சாத்தாள் நினைவு மருத்துவமனையில் அவள் தொற்றுத் தடுப்பு அதிகாரி. எல்லோரிடமும் சண்டை போட்டு, எல்லோரிடமும் கெட்ட பேர் வாங்குகிற உத்தியோகம் அது. அவள் வராந்தாவில் வந்தாலே பெரிய பெரிய சர்ஜன்கள்கூட மோதிரம் போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளின் ஐசியூவிலேயே, அவள் மூக்குக்குக் கீழேயே, எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமி வந்து உட்கார்ந்துகொண்டது என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது.

கிருமி உட்கார்ந்த இடம் நாலாம் படுக்கை. அதில் படுத்திருந்தவன் தனபாலன். உடுமலை போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்கியபடி சில்லறை எண்ணும்போது விழுந்து, விலா எலும்பு நொறுங்கி வந்தவன். எலும்பு ஒழுங்காகக் கூடிக்கொண்டிருந்தது. ஆனால் மூச்சுக்காக வைத்த வென்டிலேட்டர் வழியாகக் கிருமி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. விழுந்தவனைக் காப்பாற்றிய மருத்துவமனையே அவனை விழுங்கப் பார்த்தது.

"எந்த மருந்துக்குமே கேக்கலியா அம்மிணி?" என்றார் பெரிய டாக்டர் தெய்வசிகாமணி. மருத்துவமனை அவருடையது. நாச்சாத்தாள் அவர் அம்மா. தென்னந்தோப்பை விற்று அந்த ஐசியூவைக் கட்டியவர். மனுசன் நல்லவர்தான், தன் விரல்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு.

"இல்லீங்க சார்."

"அந்தக் கடைசி மருந்து?"

"அதைத் தின்னுபோட்டு ஏப்பம் விடுதுங்க."

"அப்பறம் என்ன பண்றது?"

"அந்தப் பொட்டியத்தான் எடுக்கோணுமுங்க" என்றாள் பூங்கோதை, வேண்டா வெறுப்பாக.

பெட்டி என்றால் மிக்ஸி அளவில் ஒரு யந்திரம். கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, பம்பு வியாபாரம் படுத்துப் போனதும் இதில் இறங்கியிருந்தது. கிருமிகள் சும்மா இருப்பதில்லை, ஒன்றுக்கொன்று வாசனை மாதிரி ஏதோ ரசாயனத்தைக் கசியவிட்டுப் பேசிக்கொள்கின்றன என்பது பழைய விஷயம். எத்தனை பேர் இருக்கிறோம், இப்போது தாக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்றெல்லாம் கலந்து பேசித்தான் செய்கின்றன. அந்தக் கசிவை முகர்ந்து தமிழில் சொல்வதும், நாம் சொல்வதைக் கசிவாக மாற்றித் தெளிப்பதும் பெட்டியின் வேலை. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நிறையப் பேச்சு தேவைப்பட்டது. மலிவாகக் கிடைத்தது, ஜில்லா முழுக்க வீடியோ கடைகளில் தூசு படிந்து கிடந்த கல்யாண வீடியோக்கள். கம்பெனிக்காரன் அவ்வளவையும் பெட்டிக்குள் கொட்டிவிட்டான்.

அதன் பலன் முதல் நாளே தெரிந்தது. தனபாலனின் சளியில் ஒரு சொட்டை விட்டு, பூங்கோதை சுவிட்சைப் போட்டாள். பக்கத்தில் தலைமை நர்ஸ் ஜெசிந்தா நின்றிருந்தாள். பெட்டி கொஞ்சநேரம் கரகரத்தது. பிறகு ஒரு நடுத்தர வயதுக் குரல் வந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கறமுங்க. நீங்க?" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளர்ந்த விதம் அப்படி. கொலைகாரனே ஆனாலும் நலம் விசாரித்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்ல கவனிப்பு. நேரா நேரத்துக்கு எல்லாம் வருது. மருந்துதான் மொதல்ல கொஞ்சம் காரமா இருந்துச்சுங்க. இப்பப் பழகிப்போச்சு."

"எப்படிங்க பழகுச்சு? அது புது மருந்தாச்சே."

"மொய்ங்க."

"என்னது?"

"எங்களுக்குள்ள வெச்சுக்கற மொய்ங்க. ஒரு மருந்தை எப்படிச் சமாளிக்கறதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அவரு தன்ற ஒடம்புலருந்து அந்தத் துண்டை ஒரு நகல் எடுத்து அடுத்தவருக்கு வெப்பாருங்க. வாங்குனவரு சும்மா இருக்க முடியுமுங்களா? அவரு நாலு பேருக்கு வெப்பாரு. ஆகாதவங்க, வேத்து எனத்துக்காரங்கன்னாக்கூட வெச்சுருவமுங்க. வெக்காம இருந்தா மரியாதை இல்லீங்களே."

இருபது வருடமாக மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியும் விளங்காத பாடம், பூங்கோதைக்கு அன்றைக்குத்தான் தனக்கே சரியாக விளங்கியது. மனிதர்கள் ஒரு மருந்து கண்டுபிடிக்கப் பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் ஒரு விசேஷத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

"சரிங்க" என்றாள். "இங்க எதுக்குங்க வந்தீங்க?"

பெட்டியின் குரலில் வருத்தம் தொனித்தது.

"என்னங்க டாக்டரம்மா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நாங்களா வந்தமுங்களா? மொறையா அழைச்சீங்க, வந்தமுங்க."

"யாரு அழைச்சா?"

"பெரியவருதானுங்க. மூணு வெரல்ல குளுகுளுன்னு சந்தனம் வெச்சாரு. மேல குங்குமம். மாலை போட்டாங்க. பொரி, கடலை, பழம்னு முன்னால வெச்சாங்க. எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்க. இதுக்கு மேல எப்படீங்க அழைக்கோணும்? காத்துல போயிட்டிருந்தவங்க, கூப்படறாங்களேன்னு எறங்கி உக்காந்தமுங்க."

பூங்கோதை மெல்லத் திரும்பி நாலாம் படுக்கையின் வென்டிலேட்டரைப் பார்த்தாள். திருகுகிற குமிழுக்குப் பக்கத்திலேயே, நாள் முழுக்க நர்ஸுகளின் கை பட்டுப் பட்டுப் போகிற இடத்தில், காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. பூஜை நடந்த வாரம் அவள் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்தாள். வந்து பார்த்தபோது தரை பளபளத்தது, கட்டில் பளபளத்தது, யந்திரமும் பளபளத்தது. அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் அழகாக வட்டம் விட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

"சிஸ்டர், இதை ஏன் துடைக்கல?"

"பெரிய டாக்டர் கையால வெச்சது மேடம்" என்றாள் ஜெசிந்தா. "அழிச்சா நல்லா இருக்காதுன்னு க்ளீனிங் ஆளுங்க விட்டுட்டாங்க. நான் சொல்லலாம்னுதான் பாத்தேன். அடுத்தவங்க சாமி விஷயத்துல நாம எதுக்குக் கை வெக்கறதுன்னு…"

யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் மரியாதை கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு மரியாதையும் சேர்ந்து ஒரு கண்டக்டரின் நுரையீரலில் போய் இறங்கியிருக்கிறது.

பூங்கோதைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கி, அந்தப் பொட்டைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். பெட்டியைப் பார்த்து, "உங்க விருந்து முடிஞ்சுது, கெளம்புங்க" என்று வேறு சொல்லிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் தனபாலனுக்குக் காய்ச்சல் நூற்று நாலைத் தொட்டது. யந்திரங்கள் கூவ ஆரம்பித்தன. அவள் ஓடிவந்து பெட்டியைப் போட்டாள்.

"பந்தியில உக்காந்தவங்களக் கையப் புடிச்சு எழுப்பறதுங்களா டாக்டரம்மா?" குரல் நடுங்கியது. "எங்க பரம்பரையிலயே இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லீங்க. எங்க பரம்பரைன்னா இருபது நிமிசத்துக்கு ஒண்ணு. எத்தன பரம்பரைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இனி நாங்க போறதா இல்லீங்க. கண்டக்டரு ஊட்டுலயே இருந்துக்கறமுங்க."

"அவரு செத்துப்போயிருவாருங்க!"

"எங்களுக்கும் அது வருத்தந்தானுங்க. தங்கமான மனுசன்."

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனபாலனின் மனைவி ரேணுகாதேவி நின்றுகொண்டிருந்தாள். ஜாக்கெட் தைக்கிற பெண். கழுத்தில் இன்னும் அளவெடுக்கிற டேப்பு தொங்கியது. வீட்டுக்குப் போய் அதைக் கழற்றி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே எல்லோரும் ஓடுவதைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது பூங்கோதைக்குத் தன் கோபத்தின் மேலேயே அருவருப்பு வந்தது. பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். வாழ்நாளில் ஒரு கிருமியைப் பார்த்துக் கை கூப்புவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

"தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கோங்க."

"பரவால்லீங்க, எந்துரிங்க" என்றது பெட்டி உடனே. இளகிய மனம்தான்.

"அவர விட்டுருங்க. என்ன வேணுமோ கேளுங்க."

"என்னங்க கேக்கப்போறம்? இருக்கறதுக்கு ஒரு ஊடு. அவ்வளவுதானுங்க. ஒரு ஊட்டக் காட்டுனா இந்த நிமிசமே கண்டக்டர விட்டர்றமுங்க. நாங்க கோடிப் பேரு இருந்தாலும் ஒரே ஆளுதானுங்க. ஒரு சொட்டுப் போய்ச் சேந்துட்டாப் போதும், மத்தவங்க இங்கியே அமைதியாக் கண்ண மூடிக்குவாங்க."

"ஏமாத்திட்டீங்கன்னா?"

"எங்களுக்குப் பொய் வராதுங்க. எங்க பேச்சே வாசந்தானுங்களே. வாசத்துல எங்கீங்க பொய் சொல்றது?"

பூங்கோதை யோசித்தாள். நல்ல திடகாத்திரமான ஆளின் குடலில் இந்தக் கிருமி ஒரு ஓரமாகச் சுருண்டு கிடக்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆள் நோயாளிகள் பக்கம் போகாமல் இருந்தால் போதும். யார் அந்த ஆள்? அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பின்னால் இழுக்கிற கவலை இல்லை.

"எங்க ஊட்டுக்கு வாங்க" என்றாள். சொல்லும்போதே உடம்பு கூசியது. "என்ற வயித்துல இருந்துக்கோங்க."

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. எழுப்பி உட்டவங்க ஊட்டுல நாங்க பச்சத் தண்ணி குடிக்க மாட்டமுங்க. அழைச்சவரு ஊட்டுக்குத்தான் போவமுங்க. அதுதானுங்களே மொறை?"

பெரிய டாக்டரின் அறைக்குப் போய் அவள் இதைச் சொன்னதும் மனுசன் குதித்தே விட்டார்.

"நான் சந்தனம் வெச்சது மிஷினுக்கு அம்மிணி! கிருமிக்கா வெச்சேன்?"

"அவங்களுக்கு அது தெரியலீங்க சார்."

"தெரியலைன்னா? வருசா வருசம் வெக்கறேன். எங்கப்பா கதிரடிக்கற மிஷினுக்கு வெச்சாரு. ஒரு கிருமி வந்து இப்படிப் பேசுனதில்லையே!"

"அப்பப் பொட்டி இல்லீங்களே."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தச் சொட்ட நான் குடிச்சா எனக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா இனிமே ஆபரேசன் தியேட்டர் கெடையாது. ஐசியூக்குள்ள கால் வெக்கக் கூடாதுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்க சார். எப்பவுமே."

பெரிய டாக்டர் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயதிலும் நடுங்காத விரல்கள். அவரிடம் என்ன கேட்கிறோம் என்று பூங்கோதைக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் கேட்டாள். நாலாம் படுக்கையில் இருப்பவனுக்கு முப்பத்து நாலு வயது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தவர், கதவைத் திறந்தால் எதிரே ரேணுகாதேவி. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ.

"ஏனுங்க பெரிய டாக்டரு, அவரு பொழைச்சுக்குவாருங்களா?"

முப்பத்தைந்து வருடமாக அந்த வராந்தாவில் அவர் சொல்லி வந்த பதில் வாயில் தயாராக இருந்தது. "நம்ம கையில என்னம்மா இருக்குது? எல்லாம் கடவுள் கையில."

"கடவுள் கையில இருக்கறத நான் அவருகிட்டயே கேட்டுக்கறனுங்க" என்றாள் ரேணுகாதேவி. "உங்க கையில என்ன இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் நிக்கறேன்."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி, பூங்கோதையிடம், "பொட்டியக் கேளு, எதுல வர்றாங்களாம்?" என்றார்.

இளநீரில் வருகிறார்களாம். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு வேறு எதில் வருவார்கள்? பச்சை இளநீர் ஒன்றைச் சீவி, லேபில் வளர்த்த கிருமியில் ஒரு சொட்டை அதில் விட்டார்கள். பெட்டி கேட்டுக்கொண்டபடி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வைத்தார்கள். ஜெசிந்தா எங்கிருந்தோ பன்னீர்ச் செம்பு ஒன்றைக்கூடக் கொண்டுவந்துவிட்டாள். கேட்டால் கோவிலிலிருந்து இரவல் வாங்கினாளாம். அடுத்தவர் சாமி விஷயம் இப்போது மட்டும் எப்படிப் பரவாயில்லையோ தெரியவில்லை. பெரிய டாக்டர் ஐசியூ வாசலில் நின்று உள்ளே ஒருமுறை நன்றாகப் பார்த்தார். எட்டுப் படுக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்று இளநீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஸ்ட்ராவை ஒதுக்கிவிட்டு, அண்ணாந்து குடித்தார். பூங்கோதை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கிருமிகள் சொன்ன சொல் தவறவில்லை. தனபாலனின் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. நுரையீரல் தேறியதும், நாலாவது வாரம் குழாயை எடுத்தார்கள். கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பது. கண்ணாடிக்கு வெளியே ரேணுகாதேவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

விஷயம் வெளியே பரவாமல் இருக்குமா? அடுத்த மாதமே கோயமுத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் மருத்துவமனைகள் பெட்டி வாங்கின. அங்கெல்லாம் எந்தப் பெரிய டாக்டரும் இளநீர் குடிக்க முன்வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அழைத்தது நான்தான் என்று பொய்யாக ஒப்புக்கொள்ள ஆள் தேடினார்கள். கிருமிகளுக்குப் பொய் பேசத் தெரியாதே தவிர நம்பத் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'வயிறு வாடகைக்கு விடப்படும், சைவம் மட்டும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பூங்கோதை தன் கண்ணால் பார்த்தாள். ஒரு புரோக்கர் அவளுக்கே போன் செய்து, நாலைந்து வயிறு கைவசம் இருக்கிறது, எல்லாம் நல்ல குடும்பம் என்றான். அவள் போனில் திட்டிய திட்டு பக்கத்து வார்டு வரை கேட்டது. ஒருவனைப் பிழைக்க வைக்கப் போய் எந்தக் கதவைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து அவளுக்கு ராத்திரித் தூக்கம் போனது.

பெரிய டாக்டருக்குச் சட்டைப் பையில் வைக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள். சளியெல்லாம் வேண்டாம், அவர் மூச்சை முகர்ந்தே அது உள்ளே இருப்பவர்கள் பேச்சைச் சொல்லிவிடும். விருந்தாளிகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்க்கத்தான். அவர்களோ அவரோடு ஒன்றிவிட்டார்கள். காலையில் எழுந்ததும் நலம் விசாரிப்பார்கள். வாழைப்பூப் பொரியலைப் பாராட்டுவார்கள். அவர் மனைவி வைத்த ரசத்தில் ஒருநாள் குற்றம் சொல்லப்போக, அந்த அம்மாள் பெட்டியைத் துணி சோப்பு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார்.

ஆனாலும் அவர் தினமும் மருத்துவமனைக்கு வந்தார். ஐசியூவுக்கு வெளியே, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காருகிற இரும்பு நாற்காலியில், ரேணுகாதேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி இடுப்பை இப்படி வலிக்க வைக்கும் என்று முப்பத்தைந்து வருடமாகத் தெரியாமல் போய்விட்டதே என்றார் ஒருநாள்.

தனபாலனை வார்டுக்கு மாற்றுகிற அன்று காலையில் அவர் கதவருகே வந்து நின்றார்.

"அம்மிணி, ஒரே ஒருக்கா உள்ள வந்துட்டுப் போயிடறேன்."

"வேண்டாமுங்க சார்."

"எதையும் தொட மாட்டேன். கையக் கட்டிட்டு நிக்கறேன். நான் கட்டுன எடம் அம்மிணி. அந்தப் பையனை ஒரு தடவை கிட்டத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன். அதுக்கப்பறம் கேக்கவே மாட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. இவரை இங்கே நிறுத்தியது தான்தானே என்று பூங்கோதை நினைத்தாள். விதிமுறை, விதிமுறை என்று நின்று என்ன கண்டோம்? கவுன் போட்டு, கையுறை போட்டு, நாலடி தள்ளி நிறுத்தினால் என்ன ஆகிவிடும்? ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா மும்முரமாக மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்கோதை கதவைத் திறந்தாள்.

"அந்தப் பொட்டியக் குடுங்க சார். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அவர் பையிலிருந்து எடுத்து, ஒருமுறை அதில் ஊதிக் கொடுத்தார்.

"ஏனுங்க, பெரியவரு உள்ள வரோணும்னு ஆசைப்படறாரு" என்றாள் அவள். "வந்தா நீங்க பேசாம இருப்பீங்களா?"

"பெரியவருங்களா?" பெட்டிக்கு ஆச்சரியம். "அவரு எங்கீங்க ஆசைப்பட்டாரு? அவரு அன்னிக்கு இளநி குடிக்கும்போதே மனசத் தேத்திக்கிட்டாருங்க. ஆசைப்பட்டது நாங்கதானுங்க. எட்டுப் படுக்கையிலயும் சனம் வந்து படுத்திருக்குதாம், பாக்கோணும்னு ஒரு மாசமா அவரு மனசுல சொல்லிட்டே இருந்தமுங்க. இன்னிக்குத்தான் கேட்டாரு."

ஜெசிந்தா மேற்கூரையிலிருந்து பார்வையை இறக்கினாள்.

"அப்படியெல்லாம் இல்ல அம்மிணி" என்றார் பெரிய டாக்டர், குழந்தை மாதிரி. "எனக்கே தோணுனதுதான். எனக்குத் தெரியாதா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவருடைய ஒரு கால் ஏற்கெனவே வாசற்படியைத் தாண்டியிருந்தது. பூங்கோதை யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளி, கதவைப் படாரென்று சாத்தினாள். கண்ணாடி அதிர்ந்தது. அந்தப் பக்கம் அவர் ஒரு நிமிடம் விழித்துக்கொண்டு நின்றார். பிறகு போய் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ரேணுகாதேவி ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

தனக்கு வேலை கொடுத்து வளர்த்துவிட்ட மனுசனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டோமே என்று பூங்கோதைக்கு இருந்தது. வயசானவர், விழுந்திருந்தால்? சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். சின்னப் பெட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அவள் மூச்சு பட்டதும் அது கரகரத்தது. வேறு ஒரு குரல், கொஞ்சம் கிழட்டுக் குரல், குறைப்பட்டுக்கொண்டது.

"என்ன அம்மிணி, நாப்பத்தஞ்சு வருசமாக் கூடவே இருக்கறோம், இன்னிக்குத்தான் எங்க நெனப்பு வந்துச்சா?"

"யா… யாருங்க?"

"உன்ற ஊட்டு ஆளுங்கதான். வயித்துல இருக்கறவங்க."

அணைத்துவிடலாம் என்று விரல் சுவிட்சுக்குப் போனது. அணைத்திருக்கலாம். ஆனால் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"அவருக்குக் கதவத் தொறக்கச் சொன்னது நீங்களா?"

"சேச்சே. தொறந்தது நீதான் அம்மிணி. பாவம் பாத்து நீயாத் தொறந்தே." கிழட்டுக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "சாத்துனதுதான் நாங்க. வேத்து ஆளுங்க வந்து பக்கத்துல நின்னா எங்களுக்கு எடஞ்சல் இல்லியா?"

பூங்கோதை கண்ணாடி வழியாகப் பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் ரேணுகாதேவியின் பாட்டிலிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நாலாம் படுக்கையில் தனபாலன், வார்டுக்கு எப்போது வண்டி கிளம்பும் என்று ஜெசிந்தாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தன் சொந்த முடிவு என்று மிச்சமிருந்தது அந்தப் பாவம் பார்த்த ஒரு நிமிடம்தான் என்று தோன்றியது. அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? போய் அவர் கையையாவது பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று கதவின் கைப்பிடியைத் தொட்டாள்.

வயிறு கடமுடா என்றது.

"சரி, சரி" என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாளையும் போட்டாள்.